ரசமட்டம் வைத்து வெட்டிய வேலி

ஹெக்லா லேக், மின்னசோட்டா
ஜூன் 10

அன்பு மகள் மாரிட்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அப்பாவின் இடது முழங்கால் மட்டும் நன்றாக இல்லை, அதை எங்களோடு சேர்க்காதே, அது தனிக்கட்சி நடத்துகிறது. உலகத்தின் தென்கோடி டனீடனில் நீயும் நீ பார்த்துக்கொள்ளும் பென்குயின்களும் குளிரில் நடுங்காமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். பென்குயின் நடுங்காது என்று எனக்கும் தெரியும், உன்னைத்தான் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதான் போனில் பேசினோமே, அதற்குள் என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் என் வாய்க்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது மாரிட், நீ எதைச் சொன்னாலும் பரவாயில்லை என்று சொல்லி வைத்துவிடும். பேனா பிடித்தால் நான் கொஞ்சம் நேரான மனுஷி. அதனால் இதை உட்கார்ந்து ஒரே மூச்சில் படி, காபி போட்டுக்கொண்டு வந்து படி.

முதலில் உன் டாக்வுட் செடி, குளிர்காலத்தில் குச்சி சிவக்க வேண்டிய செடி. நீ ஏப்ரலில் அனுப்பிய படத்தை அப்பாவின் பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். இலையில் ஊதா விளிம்பு கட்டின புள்ளி, நடுவில் சாம்பல். அது இலைப்புள்ளி நோய், பார்க்க அசிங்கமே தவிர உயிருக்கு ஒன்றும் ஆகாது, மருந்துக் கடைப் பக்கமே போகாதே. இலைகளெல்லாம் இந்நேரம் உதிர்ந்திருக்கும், ஒன்று விடாமல் வாரி வெளியே போடு, கீழே கிடந்தால் அடுத்த வருஷம் அதிலிருந்துதான் மறுபடி ஏறும். தண்ணீரை வேரில் ஊற்று, தலையில் ஊற்றாதே. ஆனால் எனக்குக் கவலை புள்ளி இல்லை. குச்சி சிவக்கவே இல்லையே, பச்சையும் பழுப்புமாகச் சோகை பிடித்து நிற்கிறதே, வெயில் படும் தெற்குச் சுவரில்தானே வைக்கச் சொன்னேன் என்று நாள் முழுக்கப் புலம்பினேன். அப்பா எழுந்து போய், நீ ஐந்தாவது படித்தபோது வாங்கிய உலக உருண்டையைத் தூசி தட்டி எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். 'அவ இருக்கிறது கீழ்ப்பக்கம், ஆர்டிஸ். அங்க வெயில் வடக்கே இருந்து வரும்'னு சொல்லிவிட்டு முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு வருஷமாக என் பேச்சைக் கேட்டு அந்தச் செடியை நிழலில் வைத்திருக்கிறாய். உனக்கு இது தெரியாமல் இருந்திருக்காது, தினமும் அந்த வெயிலில் வேலை செய்கிறவள் நீ. அம்மா மனசு நோகும் என்று சொல்லாமல் இருந்துவிட்டாய். நீயும் நம் வீட்டு ரகம்தான், அதனால்தான் இந்தக் கடிதமே.

நம் சபை வேலியைப் பற்றிப் போனில், அதில் கொஞ்சம் வேலை நடக்கிறது என்று மட்டும்தான் சொன்னேன். நடந்தது கொஞ்சம் இல்லை. வாசலிலிருந்து கார் நிறுத்தும் இடம் வரை நிற்கும் பதினைந்து டாக்வுட், உனக்குப் பன்னிரண்டு வயதில் நீங்கள்தான் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் எல்லோருமாக வாளியில் தண்ணீர் சுமந்து ஊற்றினீர்கள். பனி விழுந்துவிட்டால் வெள்ளைக்கு நடுவே நெருப்பு வைத்தது போல் நிற்கும். நவம்பரில் மண் உறைவதற்கு முன்னால் அதிலிருந்து குச்சி ஒடித்து ஸ்ப்ரூஸ் ஊசியிலைக் கிளைகளோடு கிறிஸ்துமஸ் அலங்காரமாக வாசல் தொட்டிகளில் குத்தி வைப்போம், ஊரில் பாதி வீட்டுத் தொட்டிக்கும் நம் வேலிதான் குச்சி கொடுத்தது. வெர்லினின் மனைவி லொரெய்ன் செத்த வருஷம் வரை அப்படித்தான் இருந்தது. வெர்லின் ஸ்டென்ஸ்ருட் உனக்கு மறந்திருக்காது, பள்ளிக்கூட பஸ்ஸை இருபத்தாறு வருஷம் ஓட்டினவர், நீ டிபன் டப்பாவை மறந்து ஓடி வந்தால் மூலையில் பஸ்ஸை நிறுத்திக் காத்திருந்தவர். மனைவி போனதற்கு அடுத்த ஜூனில், கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாமல், கரண்டில் ஓடும் வெட்டு மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். சபை சமையலறை ஜன்னல் வழியாக ஆரஞ்சு நிற ஒயரை இழுத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நூல் கட்டி, வேலியைப் பெட்டி மாதிரி வெட்டினார். வெட்டி முடித்து மேலே ரசமட்டம் வைத்துப் பார்த்தார் மாரிட், சத்தியமாக. குமிழி நடுவில் நிற்கும் வரை விடவில்லை. ஆகஸ்டில் மறுபடி ஒரு தடவை. இப்படிப் பதினோரு வருஷம்.

அந்தச் செடிக்கு இதைவிடக் கெடுதல் யாராலும் செய்ய முடியாது. இளங்குச்சிதான் சிவக்கும், நாலு வருஷம் ஆன குச்சி பழுப்பாகி மரமாகிவிடும். மேலே மட்டும் நுனியைச் சீவிக்கொண்டே இருந்தால் அடியில் கிழட்டுக் குச்சியெல்லாம் அப்படியே நின்று தடிக்கும், உள்ளே காற்று போகாது, வெயில் போகாது, ஈரம் தங்கும், நோய் எல்லாம் வந்து குடியேறும். பூவும் வராது, பறவைக்கு வெள்ளைப் பழமும் இல்லை. எனக்கு இது முதல் வருஷமே தெரியும். என் அம்மா வீட்டில் இருபது டாக்வுட் வளர்த்தவள் நான். ஆனால் மனைவியை இழந்த மனுஷனிடம் எப்படிச் சொல்வது? அடுத்த வருஷம் சொல்லலாம் என்று விட்டேன். அடுத்த வருஷம் அவர் மெஷினுக்குப் புது பிளேடு போட்டுக்கொண்டு வந்துவிட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா, ஒவ்வொரு ஜூனிலும் ஒரு தட்டு லெமன் கேக் சுட்டு எடுத்துக்கொண்டு போய், 'ரொம்ப நேர்த்தியா இருக்கு வெர்லின்'னு சொல்லிவிட்டு வந்தேன். நான் மட்டும் இல்லை, சபையே சொன்னது. நம் ஊர் ஜனங்கள் ஒரு மனுஷனின் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்வதற்குப் பதில் பதினைந்து செடியைச் சாகக் கொடுத்துவிடுவார்கள்.

போன நவம்பரில் தொட்டிக்குக் குச்சி தேடினால் வேலியில் ஒரு விரல் நீளத்துக்குக்கூடச் சிவப்பு இல்லை. சபைக் குழுத் தலைவி லவோன் ட்வைட் எங்கேயோ கடையிலிருந்து ஒரு கட்டு வாங்கி வந்தாள். நல்ல சிவப்பு, ரொம்ப நல்ல சிவப்பு. டிசம்பரில் ஒரு நாள் பனி உருகினதும் அது பெயிண்ட் என்று தெரிந்தது, வாசற்படி முழுக்க ஆடு அறுத்த மாதிரி ஓடியது, போதகரின் வெள்ளை அங்கி விளிம்பில் இன்னும் அந்தக் கறை போகவில்லை. அந்தக் கோபம்தான் ஜனவரிக் கூட்டத்தில் வேலி மேல் திரும்பியது. நோய் பிடித்த வேலி, டிராக்டர் வைத்துப் பிடுங்கிவிட்டு வெள்ளைச் சரளைக்கல் கொட்டலாம் என்றாள் லவோன். ஏன் இப்படி ஆச்சு என்று ஒருத்தர் கேட்டதற்கு, 'பனி உருக ரோட்டுல போடுற உப்புதான், வேற என்ன'ன்னு அவளே பதிலும் சொல்லிவிட்டாள். எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு வெர்லினுக்குப் பதினோரு வருஷச் சேவைக்காகக் கைதட்டினார்கள். அவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து, ஜூனில் வரும் பெந்தெகொஸ்தே ஞாயிறு வரை விட்டு வையுங்கள், அதற்குள் பச்சை வராவிட்டால் நானே டிராக்டரைக் கூப்பிடுகிறேன் என்றேன். மரியாதைக்காக ஒத்துக்கொண்டார்கள்.

மார்ச் மூன்றாவது வாரம், பனி இன்னும் முழங்கால் அளவு இருந்தது, அப்பாவின் ரம்பமும் நீளக்கை கத்தரியும் எடுத்துக்கொண்டு போனேன். அப்பா சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு பின்னால் வந்தார். 'ஒரு வார்த்தை கேட்டுட்டு வெட்டலாமே'ன்னார். 'கேட்டா அதுக்கு ஒரு குழு போடுவாங்க'ன்னேன். அப்பா பனியைத் தோண்ட ஆரம்பித்தார். பதினைந்தையும் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு மொட்டை அடித்தேன். உள்ளே பார்த்தபோதுதான் கேடு முழுக்கத் தெரிந்தது. பட்டையில் குழி விழுந்த புண், அதற்கு மேலே இருந்த குச்சியெல்லாம் செத்துப்போய்க் கிடந்தது, சில குச்சிகளில் குட்டிக் குட்டிச் சிப்பி ஒட்டின மாதிரி செதில் பூச்சி. உன் செடியிலும் இதைப் பார். புண் இருந்தால் அதற்குக் கீழே நல்ல பட்டை வரும் இடத்தில் வெட்டு, வெட்டிய ஒவ்வொரு தடவையும் கத்தரியை ஸ்பிரிட்டில் துடை, நான் ஒரு செடிக்கு ஒரு தடவைதான் துடைத்தேன், அதற்கே ஒரு பாட்டில் காலி. செதில் கொஞ்சமாக இருந்தால் பழைய பல் துலக்கும் பிரஷ் போதும், தேய்த்து விடு. வெட்டியதை அங்கேயே போட்டு வைக்காதே, நாங்கள் எல்லாவற்றையும் ஏரிக்கரையில் கொண்டுபோய் எரித்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வந்தவர்கள் பதினைந்து கட்டையைப் பார்த்தார்கள். பனியைப் பற்றிப் பேசிக்கொண்டே உள்ளே போனார்கள். லவோன் மட்டும், 'வாசல் நல்லா வெளிச்சமாயிடுச்சு'ன்னாள், அதுதான் அவள் பாஷையில் திட்டு. வெர்லின் வெகுநேரம் நின்று பார்த்தார், ஆராதனை முடிந்ததும் காபி குடிக்காமல் போய்விட்டார். அதற்கு அடுத்த வாரமும் போய்விட்டார். நாற்பது வருஷமாகக் காபிக்கு நிற்காமல் போகாத மனுஷன். மூன்றாவது வாரம் லெமன் கேக் சுட்டு எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று, இந்தத் தடவை சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். 'உப்பு ஒண்ணும் இல்ல வெர்லின். பதினோரு வருஷமா மேல மேல வெட்டி நீங்கதான் அதைக் கொன்னுட்டு இருந்தீங்க. நான் பாத்துட்டே இருந்தேன். அதனால பாதி தப்பு என்னுது. அடியில வெட்டினா திரும்ப வரும், நிச்சயமா வரும்.' அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்தார். 'அப்போ வருஷா வருஷம் எதுக்கும்மா எனக்குக் கேக் கொண்டு வந்தே'ன்னு கேட்டார். நான் தட்டை நீட்டினேன். கதவை மெதுவாகச் சாத்தினார், கேக்கை வாங்கிக்கொள்ளவில்லை. அந்தத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு காரில் அழுதேன், உன் அம்மா அழுதாள் என்பதை இப்போதுதான் முதல் தடவை ஒருத்தரிடம் சொல்கிறேன். வேலி பிழைக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. டாக்வுட்டை எனக்குத் தெரியும், கீழே வேர் உயிரோடு இருந்தால் அது நம்மை ஏமாற்றாது. மனுஷனைப் பற்றித்தான் அப்படிச் சொல்ல முடியவில்லை.

ஏரியில் ஐஸ் இந்த வருஷம் மே முதல் வாரம்தான் உடைந்தது, எல்லாமே தாமதம். மீன்பிடி சீசன் திறந்த நாளில் அப்பா படகிலிருந்து கத்துகிறார், 'ஆர்டிஸ், உன் கட்டைங்க ஏதாவது பேசிச்சா'ன்னு, ஏரி முழுக்கக் கேட்டது. பேசவில்லை. மே இருபதாம் தேதி குனிந்து பார்த்தேன், கட்டையின் பக்கவாட்டில் தீக்குச்சி மருந்து போலச் சிவப்பாக மொட்டு. ஒரு வாரத்தில் ஒவ்வொன்றிலும் பத்து, பன்னிரண்டு தளிர். சந்தோஷத்தில் போதகருக்கே ஒரு பாத்திரம் ஹாட்டிஷ் கறி சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்கு மறுநாள் போனால் நாலு செடியில் ஒரு தளிர்கூட இல்லை, கத்தரி வைத்து வெட்டியது போல் சாய்வாக, முயல் தின்றுவிட்டது. பெந்தெகொஸ்தேக்குப் பன்னிரண்டு நாள் இருக்கிறது, மிச்சத்தையும் தின்றால் டிராக்டர்தான். கோழிவலை வாங்க அப்பாவை டவுனுக்கு அனுப்பினேன். அவர் வலையோடு வந்ததும் இரண்டு பேருமாகப் போனோம், போய்ப் பார்த்தால் பதினைந்து செடிக்கும் வலை போட்டிருக்கிறது. வட்டம் வட்டமாக, ஒவ்வொன்றுக்கும் மூன்று முளை அடித்து. யார் செய்தது என்று யாருக்கும் தெரியவில்லை, சபைச் சாவி வைத்திருக்கும் லவோனுக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. வலையின் மேல் விளிம்பு பதினைந்திலும் ஒரே உயரம். நான் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை ஒரு பக்கம் மூடிப் பார்த்தேன், நூல் பிடித்தது போல் நேர்க்கோடு. இந்த ஊரில் முயலுக்குப் போடும் வலைக்கு ரசமட்டம் வைக்கிற ஆள் ஒருத்தர்தான் இருக்கிறார்.

நேற்று முன்தினம் பெந்தெகொஸ்தே. எல்லோரும் அந்தப் பண்டிகை வழக்கப்படி சிவப்பு உடுத்தி வந்தார்கள், அப்பா அந்தப் பழைய சிவப்பு டையைக் கட்டினார், குழம்புக் கறை பட்டதுதான். தளிர் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை வந்துவிட்டது, முயல் தின்ற நாலும் பின்னால் ஓடி வந்துகொண்டிருக்கிறது. லவோன் வெளியே வந்து இரண்டு பக்கமும் நடந்து பார்த்துவிட்டு, 'சரி, கல்லு வேண்டாம்னு சொல்லிடறேன்'னாள். அவ்வளவுதான் கூட்டம். உள்ளே போனால் வெர்லின் காபி மேசையில், தன் பழைய இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேலியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மீனைப் பற்றிப் பேசினோம். கிளம்பும்போது தன் வண்டியிலிருந்து அந்த வெட்டு மெஷினை, ஆரஞ்சு ஒயரைச் சுருட்டிக் கட்டி, எடுத்து வந்து அப்பா கையில் கொடுத்தார். 'இது உங்க வீட்டுலயே கிடக்கட்டும் ஆரின். ஜூன் வந்தா எனக்குக் கை அரிக்குது'ன்னார். பிறகு என்னைப் பார்த்து, 'ஆர்டிஸ், அந்தக் கேக்குல சக்கரை ஜாஸ்தி. பல்லு கூசும். பதினோரு வருஷமா சொல்லணும்னு இருந்தேன்'னார். நான் நின்ற இடத்தில் சிரித்தேன் மாரிட், கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தேன், அவரும் சிரித்தார், லொரெய்ன் போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. வரும் மார்ச்சில் அவருக்குக் கத்தரி பிடிக்கக் கற்றுக் கொடுக்கப் போகிறேன், வருஷத்துக்கு மூன்றில் ஒரு பங்கு குச்சியை அடியோடு எடுப்பது, அதுதான் இனி அவர் வேலை. ரசமட்டத்தை வேண்டுமானால் கொண்டு வரட்டும்.

உன் செடிக்குச் சொல்ல வேண்டியது மிச்சம் இருக்கிறது. இலை இல்லாமல் தூங்கும் இந்த மாதத்திலேயே வேர் மண்ணோடு அகலமாகத் தோண்டி வடக்குச் சுவருக்கு மாற்று, நன்றாகத் தண்ணீர் விடு, அடியில் மட்கிய இலை போடு, தண்டில் ஒட்டாமல் போடு. நான் செய்ததைப் பார்த்து இந்த வருஷமே மொட்டை அடித்துவிடாதே, உன்னுடையது சின்னது, இடம் மாறிய அதிர்ச்சி வேறு. புண் பட்ட குச்சியை மட்டும் எடு. உனக்கு எல்லாம் தலைகீழ், நான் மார்ச் என்றால் நீ ஆகஸ்ட் கடைசி என்று எடுத்துக்கொள். அடுத்த தடவை நான் தெற்கு என்று உளறினால், அம்மா அது தப்பு என்று சொல். எனக்கு வலிக்கும், ஒரு மணி நேரத்தில் சரியாகிவிடும்.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். நாலு கிறிஸ்துமஸாக நீ வரவில்லை. ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் குஞ்சு வளர்க்கும் காலம்மா என்கிறாய், நான் போனில் பரவாயில்லை கண்ணு, வேலைதானே முக்கியம் என்கிறேன். வைத்துவிட்டு லெஃப்ஸா ரொட்டிக்கு உருளைக்கிழங்கு பிசைகிறேன், மூன்று பேருக்குப் பிசைந்து இரண்டு பேர் தின்கிறோம். பரவாயில்லை என்று நான் சொன்னது பொய் மாரிட். அது வெர்லினுக்கு நான் கொடுத்த கேக். உன் பென்குயின் குஞ்சுகளுக்கு அம்மாவும் அப்பாவும் பக்கத்திலேயே இருக்கிறார்கள், நீ ஒரு மூன்று வாரம் இல்லாவிட்டால் சமாளிப்பார்கள். இந்த டிசம்பரில் அந்தப் பதினைந்தும் ஆள் உயரத்துக்கு, ஒரு கிழட்டுக் குச்சி இல்லாமல், முழுக்கச் சிவப்பாக நிற்கும், அதை நான் உறுதியாகச் சொல்கிறேன். நீ வா. வரப் பிடிக்காத காரணம் வேறு ஏதாவது இருந்தால் அதையும் நேராக எழுது, நான் தாங்குவேன், சொல்லாமல் பழுப்பாகிப் போவதைத்தான் என்னால் இனித் தாங்க முடியாது.

கர்த்தர் உன்னைக் காத்து நடத்தட்டும், போகிற பாதையிலும் வழுக்குப் பாறையிலும் உன் காலுக்குத் துணையாக இருக்கட்டும். காதை மூடித் தொப்பி போடு. கத்தரியை ஸ்பிரிட்டில் துடைக்க மறக்காதே.

அப்பா தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, 'வர முடியலைன்னாலும் பரவாயில்லைன்னு ஒரு வரி சேத்துடு, பாவம் புள்ள' என்கிறார். சேர்க்கவில்லை.

உன் அம்மா,
ஆர்டிஸ்